எலி சேரும் ஆறு எழுத்தும்

என் பேச்சு எப்போது முடியும் என்பதை என்னைவிட முன்னதாக அறிந்த ஒரே மனிதர் அவர்தான்.

பண்டாரவளையில் அப்போது ஒரு வாசகர் வட்டம் இருந்தது. வட்டம் போடக் குறைந்தது மூன்று புள்ளிகளாவது வேண்டும் என்பார்கள்; மழைக்காலத்தில் எங்களுக்கு அதற்கே தட்டுப்பாடு. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நகைச்சுவையைப் பற்றி உரையாற்றினேன். ஒருவரும் சிரிக்காததால் அது ஆய்வுரை என்று பாராட்டப்பட்டது. கூட்டம் கலைந்ததும் அவர் குடையை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐசே, நீர் 'ஆகவே' எண்டு கனதரம் சொன்னீர். ஒண்டும் முடிவில்லை. 'இறுதியாக' எண்டும் சொன்னீர். அதுவும் பொய். பிறகு வலது காதைச் சொறிஞ்சீர் பாரும், அதுக்குப் பிறகு நாலைஞ்சு வசனந்தான். டக்கெண்டு முடிஞ்சுது."

பாராட்டா, திட்டா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த கூட்டத்தில் புரிந்தது. முன்வரிசை முழுவதும் என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவே ஒரு கொசு வந்து காதில் உட்கார, நான் கையை உயர்த்தினேன். பாதிச் சபை குடையை எடுத்துக்கொண்டு எழுந்தது. அன்று முதல் மேடையில் நான் என் காதைத் தொட்டதில்லை. உயிர் போகிற அளவுக்கு அரிக்கும், ஆனாலும் தொடுவதில்லை.

அவர் எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தார். தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அதற்கு முன் வெளிநாட்டில் ஏதோ பெரிய படிப்புக்குப் போய்ப் பாதியில் திரும்பியிருந்தார். "பாதியில விட்டிட்டீங்களா சேர்?" என்று கேட்டால், "விடேல்லை, நிக்குது" என்பார். நாற்பதை நெருங்கிய வயது, இஸ்திரி போடாத வெள்ளைச் சேட்டு, வெயிலிலும் கையில் குடை. ஊர் அவருக்கு வைத்த பெயர் எலி சேர்.

அந்தப் பெயருக்கு என் கடைதான் காரணம். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் பஸ் நிலையத்துக்குக் கீழே ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தேன். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன பெண்களோடு தேயிலைத் தோட்டத்துச் சனம் பேசுவதற்கு இரண்டு தொலைபேசிகள். எந்தப் பத்திரத்தையும் அப்புத்தளைப் பனிமூட்டத்தில் பார்த்ததுபோல் பிரதி எடுத்துத் தரும் ஒரு போட்டோகொப்பி இயந்திரம். மூலையில் இணைய வசதியுள்ள கொம்பியூட்டர். நான் முதலாளி, அதாவது புத்தகம் வாசிப்பவன். வேலை செய்தது என் தங்கை வசந்தி.

பாடசாலை விட்டதும் அவர் வந்து அந்த மூலையில் உட்காருவார். மற்றவர்கள் கொம்பியூட்டரில் படம் பார்ப்பார்கள், கிரிக்கெட் ஓட்டம் பார்ப்பார்கள். இவர் திரையில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி, கரையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வசந்தி கேட்டாள்.

"என்னங்க சேர் இது, டைப் அடிக்கப் பழகுறீங்களா? நாலு எழுத்தத் தாண்டவே மாட்டேங்குறீங்களே."

"தங்கச்சி, இது எலி."

"எது?"

"இந்த முழுக்க. சுண்டெலி. முலையூட்டிகளில மனிசருக்கு அடுத்ததா முழுக்க எழுதி முடிச்சது இதைத்தான்."

அவர் விளக்கினார். நானும் புத்தகத்தை மடித்துவிட்டுக் கேட்டேன். உயிரின் பரம்பரையலகில், அதாவது ஜீனில், இந்த நான்கு எழுத்துகளால் எழுதியிருப்பதை உடலின் கலம் ஒரு பிரதி எடுக்கிறது. அந்தப் பிரதிதான் தூது ஆர்.என்.ஏ. ஓரிடத்தில் அதை வெட்டி, அதன் நுனியில் வெறும் 'ஏ'க்களால் ஆன நீண்ட வாலொன்றைக் கலம் ஒட்டிவிடுகிறது. அந்த வால் மூல எழுத்தில் கிடையாது, பின்னால் சேர்த்தது. ஆய்வுகூடத்தில் பிரதிகளைப் பிடிப்பது இந்த வாலை வைத்துத்தான். 'டி' எழுத்துகளால் ஒரு தூண்டில் செய்து போட்டால் அது 'ஏ' வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கே பிடிபட்டதோ அங்கேதான் பிரதி முடிகிறது என்று எழுதிக்கொள்வார்கள்.

"ஆனா பாரும், சில இடத்தில மூல எழுத்திலயே நடுவில வரிசையா 'ஏ' கிடக்கும். தூண்டில் அதிலயும் போய்க் கொழுவும்."

வசந்தி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வால்ல மாட்ட வேண்டிய தூண்டில் வயித்துல மாட்டிக்கிடும். இவுங்க அதையே வாலுன்னு நெனச்சுக்கிடுவாங்க."

"ஓம்! ஓம்! அதுதான் பொய் முடிவு!" அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். குவைத்துக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு தாய் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தார்.

பொய்யை எப்படிப் பிடிப்பது? உண்மையான முடிவுக்குச் சற்று முன்னால், ஏறத்தாழ பத்து முதல் முப்பது எழுத்துக்குள், ஒரு சமிக்ஞை இருக்கும். ஏ, ஏ, டி, ஏ, ஏ, ஏ என்ற ஆறு எழுத்து. சிலவேளை ஓரெழுத்து மாறியிருக்கும். 'இதோ வெட்டு வரப் போகிறது' என்று கலத்துக்குக் கொடுக்கும் அறிவித்தல். அது இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். வெளிநாட்டில் இவரது பழைய பேராசிரியர் எலியின் ஒரு நிறமூர்த்தத்தை, அதாவது ஒரு குரோமோசோமை, இவருக்கென்று ஒதுக்கி, அதிலுள்ள முடிவுகளில் எது மெய், எது பொய் என்று கண்ணால் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். எலி முழுவதையும் நம்பி ஒப்படைக்க அவருக்கும் பயமாக இருந்திருக்கும்.

இதெல்லாம் எலியோடு நின்றிருந்தால் உலகத்துக்கு நட்டமில்லை. அவர் இந்தச் சட்டத்தை அவிழ்த்து ஊர்மேல் விட்டார். முன்னறிவித்தல் இல்லாத எந்த முடிவையும் அவர் ஏற்பதில்லை. பாடசாலை அதிபர் மூக்குக்கண்ணாடியைப் பையில் வைக்கும்வரை ஆசிரியர் கூட்டம் முடியாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்; அதிபர் நன்றி சொல்லி, எல்லோரும் எழுந்து, விளக்கை அணைத்த பிறகும் கண்ணாடி மூக்கிலிருந்தால் இவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை பதுளைக் கோயில் தேருக்கு அம்மா, வசந்தி, நான், அவர் என்று ரயிலில் போனோம். பதுளை வந்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர் அசையவில்லை.

"தம்பி, பதுளை வந்துருச்சு. எறங்குங்க" என்றாள் அம்மா.

"இஞ்சின் இன்னும் கழட்டேல்லை அம்மா."

"கழட்டுனா என்ன, கழட்டாட்டி என்ன? இதுக்கு மேல ரயிலு போறதுக்கு வழியே கெடையாதே."

அவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "அங்கால கொஞ்சம் தண்டவாளம் தெரியுது."

இஞ்சினைக் கழற்றும் சத்தம் கேட்டது. உடனே எழுந்து, குடையை எடுத்து, எங்களுக்கு முன்னால் இறங்கி, "கெதியா வாங்கோ, தேர் போயிடும்" என்றார்.

ஞாயிறுதோறும் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட வருவது இதைவிடப் பெரிய சிக்கல். அம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டு மூடினால்தான் சாப்பாடு முடிந்தது என்பது அவர் கணிப்பு. அவர் இலையிலிருந்து எழுந்தால்தான் சாப்பாடு முடிந்தது என்பது அம்மாவின் வளர்ப்பு. அவர் எழவில்லை என்பதால் அம்மா போட்டாள். அம்மா போட்டாள் என்பதால் அவர் எழவில்லை. இரண்டு மரியாதைகள் மோதி ஒரு பானைச் சோறு காலியானது. "நல்லாச் சாப்பிடுறாரு" என்று அம்மா மகிழ்ந்தாள். அவர் மறுநாள் பாடசாலைக்கு லீவு போட்டார்.

இந்த மகிழ்ச்சியில்தான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

"எலியத் தவிர வேற எதையும் ஏறெடுத்துப் பாக்காத மனுசன். நம்ம வசந்திக்குக் கேட்டா என்ன?"

வசந்திக்கு அப்போது இருபத்தொன்பது. கேட்பதில் தப்பில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தவர் மலையகத்தில் பெண் எடுப்பது அன்றைக்குச் சாதாரணக் காரியமில்லை. அவரோடு படிப்பித்த அவரது ஊர்க்காரர் ஒருவர், "தோட்டத்துப் பக்கமோ?" என்று ஒரு சொல்லில் எங்கள் மூன்று தலைமுறையையும் அளந்துவிட்டதாகக் கேள்வி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு ஆறுதலாக யோசித்தேன். என் அப்பா தோட்டத்து ஒப்பிஸில் கிளாக்கர். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து நாங்கள் ஏறி வந்தது ஏழெட்டுப் படி. அந்த ஏழெட்டுப் படி உயரத்திலிருந்து லயத்துச் சனத்தை எத்தனையோ வருடம் குனிந்து பார்த்திருக்கிறோம். எங்களை ஒருவர் குனிந்து பார்த்தபோதுதான் மனிதர் அனைவரும் சமம் என்ற பெரிய உண்மை எங்களுக்குச் சட்டென்று விளங்கியது.

எலி சேருக்கு அந்த நோய் இல்லை. நான் கேட்டதும் முகம் சிவந்து, "எனக்குச் சம்மதம்தான்" என்றார். "எண்டாலும் இந்த நிறமூர்த்தம் முடியட்டும் ஐசே. அதைப் பாதியில விட்டிட்டுக் கலியாணம் செய்தா ரெண்டும் அரைகுறையாப் போயிடும்."

பதவி உயர்வு கிடைக்கட்டும், தங்கைக்கு முடியட்டும், வீடு கட்டி முடியட்டும் என்று காத்திருந்த மணமக்களை நான் அறிவேன். எலியின் நிறமூர்த்தத்துக்காகக் காத்திருந்தவள் ஊவா மாகாணத்தில் என் தங்கை ஒருத்திதான். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. "ஒரு எலிதானேண்ணே, எத்தன நாளைக்கு?" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு புதுச் சங்கடம். அதுவரை 'தங்கச்சி' என்று கூப்பிட்டவளை இனி அப்படிக் கூப்பிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம். ஆகவே அவளை ஒன்றும் சொல்லாமல், மேசையைத் தட்டி, "இஞ்ச" என்றார். அந்த 'இஞ்ச' இரண்டு வருடம் ஓடியது.

வசந்தி சும்மா இருக்கவில்லை. கல்யாணம் சீக்கிரம் நடக்க வேண்டுமானால் எலி சீக்கிரம் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டு, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அவருக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் எழுத்துகளை உரக்க வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"ஜி, டி, சி, ஏ, ஏ, டி, ஏ, ஏ, ஏ..."

"நில்லும்! வந்திட்டுது. இனி முப்பதுக்குள்ள வெட்டும்."

மகளோடு பேச வரிசையில் நின்ற ஒரு கிழவி என்னிடம் மெல்லக் கேட்டாள்: "என்னங்கய்யா ரெண்டு பேரும் ஓதுறாங்க?"

"கல்யாணம் கைகூட ஒரு மந்திரம்" என்றேன்.

"பலிக்குமுங்களா?"

"ரொம்ப நீள மந்திரம் பாட்டி."

அப்படியொரு நாளில்தான் தன் பாதிப் படிப்பின் கதையை அவர் வசந்தியிடம் சொன்னார். வெளிநாட்டில் படித்தபோது ஒரு பரம்பரையலகின் முடிவைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு சபையில் எழுந்து அறிவித்திருக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அந்த இடத்தில் மூல எழுத்திலேயே வரிசையாக 'ஏ' இருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்றிருக்கிறார். சபை சிரித்திருக்கிறது. வாலென்று இவர் பிடித்தது வயிறு. "ஒருத்தரும் பெரிசாச் சிரிக்கேல்லை" என்றார், ஏதோ அவர்களுக்காக வாதாடுவதுபோல். "சும்மா கொஞ்சம்." வசந்தி அவருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அன்று எழுத்து வாசிக்கவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. வசந்திக்கு முப்பத்தொன்று. அம்மா யாராவது கேட்டால் வயதைக் கீழ்நோக்கி எண்ணத் தொடங்கியிருந்தாள். ஓர் ஆடி மாதப் பின்னேரம், கூரைத் தகரத்தில் மழை. இருவரும் எலிக்கு முன்னால். வசந்தி வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"சேர், இது நாம பாத்தது."

"எது?"

"இந்த ஜீன். ரெண்டு பொய் முடிவு வரும், அப்புறம் தூரத்துல ஒரு நெச முடிவு இருக்கும். பாத்துக்கிட்டு இருக்கையில கரண்ட் போச்சு. நீங்க மெழுகுவர்த்தியக் கொண்டாந்து கீபோர்ட்டுக்கு மேல புடிச்சீங்க. இந்தா, 'பி' எழுத்துல மெழுகு இன்னும் இருக்கு."

உண்மைதான். எலிக்கு 'பி' தேவையில்லை என்பதால் ஒருவரும் அதைச் சுரண்டவில்லை.

அவர் மெழுகைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். "ஓம்" என்றார். "பார்த்ததுதான்."

"அப்ப நிறமூர்த்தம்?"

"தைப்பொங்கலுக்கு முதலே முடிஞ்சிட்டுது. பேராசிரியருக்கும் அனுப்பியாச்சு. எண்டாலும்... முடிஞ்சுதோ எண்டு ஒருக்கா முதலிலயிருந்து பார்க்கிறன்."

"சேர், இப்ப ஆடி."

நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தை அதற்குப் பிறகு இன்றுவரை திருப்பவில்லை.  வசந்தி திரையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவை அத்தனையும் அவள் மாதக்கணக்காக வாய் நோக வாசித்தவை. முடிந்துபோன ஒன்றை முடிப்பதற்காக வாசித்தவை.

"சரிங்க சேர். நீங்க ஆறுதலாப் பாருங்க. நம்ம கல்யாணப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

எழுந்து, காசு போடும் மேசை லாச்சியை மெதுவாகச் சாத்திவிட்டு, மழையிலேயே வீட்டுக்குப் போனாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். கலங்கியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் தெரிந்தது ஆய்வாளரின் அமைதி.

"உது உண்மையான முடிவில்லை ஐசே."

"ஏன் சேர்?"

"அவவுக்குக் கோவம் வந்தா, கதையை முடிக்க முதல் லாச்சியை அடிச்சுச் சாத்துவா. ரெண்டு வரியமாப் பார்க்கிறன். இண்டைக்கு மெதுவாச் சாத்தினவ. சமிக்ஞை இல்லை."

மறுநாள் வழக்கம்போல் வந்து இதையே அவளிடமும் சொன்னார். அவள் போட்டோகொப்பி இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "சிக்னலே இல்லாம நெசமாவே முடியுற எடமும் கொஞ்சம் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இருக்கு. ஆனா அதை நம்பவேணுமெண்டா, வெவ்வேற இடத்திலயிருந்து எடுத்த பிரதியெல்லாம் அந்தப் புள்ளியில முடியவேணும். ஒரு பிரதியை வைச்சுக்கொண்டு எழுதேலாது."

"அண்ணே, நீ சொல்லு."

"முடிஞ்சுது சேர்" என்றேன்.

"நீர் அவவின்ட பிரதி. சுயாதீனமில்லை."

ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு: "தம்பி, அது முடிஞ்ச கதைங்க." 'அதுவும் அதே வீட்டுப் பிரதி' என்று அவர் அதையும் தள்ளினார். செய்தி பரவியது. பண்டாரவளை அவருக்கு உதவ முன்வந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். கோயில் ஐயர் சொன்னார். சலூன்காரர் கழுத்தில் கத்தி வைத்தபடி சொன்னார். ஒவ்வொருவரையும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு ஆர் சொன்னது?" தோண்டிக்கொண்டே போனால் எல்லாம் எங்கள் அம்மாவில் போய் முட்டின. "பாரும், ஒரே மூலம். நூறு பிரதி எண்டாலும் ஒண்டுதான்" என்றார். எங்கள் ஊரில் செய்தி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆராய்ச்சியை நான் கண்டதில்லை. முடிவுதான் தவறு.

எனக்கு மனம் கேட்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே, வசந்தி. நல்ல மனுசன்" என்றேன்.

"நல்ல மனுசன்தாண்ணே. என்னையப் புடிக்கலன்னு சொல்லியிருந்தாக்கூட, புடிக்க வைக்கலாம்னு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன். அவருக்குப் புடிச்சிருக்கு. சொன்னா தப்பாப் போயிருமோ, யாரும் சிரிச்சிருவாங்களோன்னு பயம். நாளைக்குப் புள்ள பொறந்தா, பொறந்துருச்சான்னு முதல்லருந்து பாத்துக்கிட்டு நிப்பாரு. நான் யாரு கையில கொடுக்குறது?"

நான் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். 

அந்த மாதக் கடைசியில் ஹல்துமுல்லையில் பேக்கரி வைத்திருந்த ஒருவர் தன் சித்தியோடு பெண் பார்க்க வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை அம்மா மறந்துவிட்டாள். பலகாரத் தட்டு வருகிற நேரத்தில் குடையோடு எலி சேரும் வந்தார். விசயத்தைக் காதோடு சொன்னேன். தலையாட்டிக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்தார்.

"பாண் வெந்திட்டுது எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"வாசம் வருமுங்க சேர்."

"வராட்டி?"

"வராட்டியும் எடுத்துருவோம்."

"வேகாமல் இருந்தா?"

"அது பரவால்லீங்க. கருகுறதுதான் கஷ்டம். கருகுனத டவுனுல வாங்க மாட்டாங்க, தோட்டத்துப் பக்கம் அனுப்பிருவோம்."

தோட்டத்துப் பக்கமிருந்து ஏழெட்டுப் படி ஏறி வந்த எங்கள் குடும்பம் இதைக் கேட்டு மரியாதையாகப் புன்னகைத்தது. பேக்கரிக்காரர் அப்படியொன்றும் சிந்தனையாளர் இல்லை. ஆனால் தேநீர் ஆறுவதற்குள் கோப்பையை வைத்துவிட்டு, "எனக்குப் புடிச்சிருக்குங்க. அவுங்களுக்கும் சரின்னா ஆவணியிலயே வச்சுக்கலாம்" என்றார். குசினிக்குள்ளிருந்து வசந்தியின் குரல் வந்தது: "சரின்னு சொல்லுங்கம்மா."

எலி சேர் இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

அவர் புறப்பட்டபோது வாசல் படலைவரை நான் கூடப் போனேன். இனியாவது அந்த மனிதரை விடுவிக்க வேண்டும் என்று அவர் மொழியிலேயே பேசினேன். "சேர், மாப்பிள்ளை ஹல்துமுல்லை. எங்கம்மாவை இன்னைக்குத்தான் முதல் தடவை பாத்தாரு. இவரு யாரோட பிரதியும் இல்லை."

அவர் குடையை விரிக்காமல் தூறலில் நின்று வெகுநேரம் யோசித்தார். "ஓம்" என்றார். "அது சுயாதீனம்தான்." பிறகு, "ஆனா ஒரு பிரதி மட்டும் காணாது ஐசே" என்றார். விரிக்காத குடையை ஊன்றிக்கொண்டே மழையில் இறங்கி நடந்தார்.

ஆவணியில், கோயில் மண்டபத்தில், நல்ல வெயில் எறித்த ஒரு காலையில் கல்யாணம் நடந்தது. அவர் வரமாட்டார் என்று ஊர் சொன்னது. வந்தார். சேட்டுக்கு இஸ்திரி போட்டிருந்தார். தாலி கட்டும்போது எல்லோரும் அரிசி போட்டார்கள். அவரும் போட்டார், கொஞ்சம் பிந்தி. பிறகு பரிசுப் பொதியோடு மேடைக்கு ஏறினார். பதுளையிலிருந்து வந்த படப்பிடிப்பாளர் புது டிஜிட்டல் கமராவைத் தூக்கிக்கொண்டு, "சேர், பொண்ணுக்குப் பக்கத்துல வாங்க. இங்க பாருங்க. ஆ... சரி. அடுத்தவுங்க வாங்க" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் ஹல்துமுல்லையிலிருந்து ஒரு லொறி நிறைய வந்திருந்தார்கள். அவர்கள் படியேறத் தொடங்கினார்கள். எலி சேர் நின்ற இடத்திலேயே, விறைப்பாக, நின்றுகொண்டிருந்தார்.

"சேர், எறங்குங்க."

"இன்னும் எடுக்கேல்லையே?"

"எடுத்தாச்சுங்களே."

"லைட் அடிக்கேல்லை."

"நல்ல வெயிலு சேர், லைட் தேவைப்படாது. படம் விழுந்துருச்சு. இந்தா பாருங்க."

படப்பிடிப்பாளர் கமராவைத் திருப்பி அந்தச் சின்னத் திரையைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். எலியின் எழுத்துகளைப் பார்ப்பதுபோலவே பார்த்தார், இடமிருந்து வலமாக. நானும் அவர் தோளுக்கு மேலால் எட்டினேன். பேக்கரிக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வசந்தி நேராகக் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவர், வரப்போகும் வெளிச்சத்துக்கு அஞ்சும் குழந்தையைப்போல், இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"லைட் அடிக்குமெண்டு பார்த்தனான்" என்றார், ஒருவரிடமும் இல்லாமல். பிறகு வசந்தியிடம், "ஒருக்கா முதலிலயிருந்து எடுப்பமோ?"

வசந்தி மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

"வேணாம் சேர். பின்னுக்கு ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டி தடுக்காமல், கவனமாக, படியிறங்கினார். அவர் நின்ற இடத்தில் அதற்குள் பேக்கரிக்காரரின் சித்தி வந்து நின்றுவிட்டார்.